காதில் விழுந்தும் கேளாதவர்கள்: ‘அர்பன் லெஜண்ட்’ படத்தை மறுபடியும் பார்ப்பது எப்படி

1998-இல் வெளியான ‘அர்பன் லெஜண்ட்’ படத்தை ஒருமுறை பார்த்து, சுமாரான படம் என்று ஒதுக்கிவிட்டவர்களுக்காக எழுதப்பட்ட வழிகாட்டி இது. கொலையாளி யார் என்பது உட்பட எல்லாவற்றையும் இங்கே வெளிப்படையாகப் பேசப்போகிறேன். இதுவரை பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

இந்தப் படம் ஏன் சரியாகக் கவனிக்கப்படவில்லை என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதை எப்படிப் பார்ப்பது என்பது புரியும். 1996 டிசம்பரில் ‘ஸ்க்ரீம்’ வந்தது. 1997 அக்டோபரில் ‘ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்’ வந்தது. இரண்டுக்கும் திரைக்கதை எழுதியவர் கெவின் வில்லியம்சன். இளைஞர்களை ஒவ்வொருவராகக் கொல்லும் மர்ம ஆசாமி என்ற ஸ்லாஷர் வகைக்கு மறுபடியும் உயிர் வந்திருந்த அந்த நேரத்தில், 1998 செப்டம்பர் 25 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த ‘அர்பன் லெஜண்ட்’ வரிசையில் மூன்றாவதாக நிற்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவில் மட்டும் சுமார் 3 கோடியே 80 லட்சம் டாலர் வசூலித்ததால் பணத்தைப் பொறுத்தவரை அது தோற்கவில்லை. மரியாதைதான் கிடைக்கவில்லை. விமர்சகர்களில் பெரும்பாலோர் அதை நகல் என்றே எழுதினார்கள்.

அந்தக் குற்றச்சாட்டு முழுவதும் ஆதாரமற்றது என்று சொல்ல மாட்டேன். இயக்குநர் ஜேமி பிளாங்க்ஸ் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர், அப்போது இருபதுகளில் இருந்தார். ‘ஐ நோ வாட் யூ டிட் லாஸ்ட் சம்மர்’ படத்தை இயக்க ஆசைப்பட்டு, அதற்கு ஒரு முன்னோட்டத்தைத் தானாகவே படம்பிடித்துத் தயாரிப்பாளர்களுக்கு அனுப்பியிருக்கிறார். அதற்குள் அந்தப் படத்துக்கு வேறு இயக்குநர் அமைந்துவிட்டார். ஆனாலும் அந்த முன்னோட்டம் தயாரிப்பாளர் நீல் மோரிட்ஸுக்குப் பிடித்துப்போனதால் இந்தப் படம் பிளாங்க்ஸின் கைக்கு வந்தது. ஆகவே முன்னவற்றின் சாயல் இருப்பது இயல்பே. ஆனால் சில்வியோ ஹோர்ட்டாவின் திரைக்கதையில் அந்த இரண்டு படங்களிலும் இல்லாத ஒரு சங்கதி இருக்கிறது. ஒரு மனிதன் உண்மையைச் சொல்லும்போது அதை மற்றவர்கள் எப்படிக் கேட்காமல் போகிறார்கள் என்பதைத்தான் இந்தப் படம் காட்சிக்குக் காட்சி சொல்லிக்கொண்டே போகிறது. ஏறக்குறைய ஒவ்வொரு கொலையும் யாரோ ஒருவரின் காதுக்கு எட்டும் தூரத்தில் நடக்கிறது. கேட்டவர் அதை வேறு எதுவாகவோ எடுத்துக்கொள்கிறார். இந்த இழையைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதற்கான வழிகளைத்தான் கீழே சொல்கிறேன்.

முதல் வேலை, படம் எந்தக் கதைகளை எடுத்தாள்கிறதோ அவற்றைத் தெரிந்துகொள்வது. கல்லூரி விடுதியிலும் தேநீர்க்கடையிலும் “என் நண்பனோட நண்பனுக்கு நடந்தது” என்று தொடங்கிச் சொல்லப்படுகிற, சொல்பவர் யாரும் நேரில் பார்த்திராத கதைகளையே அமெரிக்க நாட்டாரியல் ஆய்வாளர்கள் அர்பன் லெஜண்ட் என்கிறார்கள். யூட்டா பல்கலைக்கழகத்தின் யான் ஹெரால்ட் புருன்வண்ட் 1981-இல் எழுதிய நூல் இந்தச் சொல்லைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தது. படம் பார்க்கும் முன் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இவற்றைப் படித்துவிட்டு உட்கார்ந்தால், ஒவ்வொரு கொலையிலும் கதை எங்கே மாற்றப்படுகிறது என்பது கண்ணில் படும்.

காரின் பின்சீட்டில் ஒளிந்திருக்கும் கொலைகாரனின் கதை 1960-களிலிருந்தே சொல்லப்பட்டு வருகிறது. காதலன் காரிலிருந்து இறங்கிப் போய்த் திரும்பாமல் இருக்க, உள்ளே இருக்கும் பெண்ணுக்குக் கூரையின் மேல் ஏதோ உரசும் ஓசை இரவு முழுக்கக் கேட்கும் கதை 1964-இல் கான்சஸ் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சொல்லப் பதிவாகியிருக்கிறது. வாயில் போட்டால் படபடவென வெடிக்கும் ‘பாப் ராக்ஸ்’ மிட்டாயைக் குளிர்பானத்தோடு சேர்த்து விழுங்கினால் வயிறு வெடித்துவிடும் என்ற வதந்தி எந்த அளவுக்குப் பரவியது என்றால், அதைத் தயாரித்த ஜெனரல் ஃபுட்ஸ் நிறுவனம் 1979-இல் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்து மறுக்க வேண்டியிருந்தது. 1975-இல் ஒஹையோ பிளேயர்ஸ் குழு பாடிய ‘லவ் ரோலர்கோஸ்டர்’ பாட்டின் நடுவே வரும் அலறல், ஒலிப்பதிவுக் கூடத்தில் உண்மையாகவே கொலைசெய்யப்பட்ட பெண்ணுடையது என்றும் ஒரு வதந்தி உண்டு.

இன்னும் இரண்டு கதைகள் படம் வந்த காலத்தில் சூடு ஆறாமல் இருந்தவை. முகப்பு விளக்கை அணைத்துக்கொண்டு ஓட்டும் ரௌடிக் கும்பல், எதிரே வந்து விளக்கைச் சிமிட்டி எச்சரிப்பவரையே துரத்திக் கொல்லும் என்ற எச்சரிக்கை 1993-இல் அமெரிக்க அலுவலகங்களுக்கு இடையே ஃபேக்ஸ் வழியாகப் பறந்தது. அந்த வதந்தி அஞ்ச வேண்டிய நாளாகக் குறிப்பிட்டதும் ஒரு செப்டம்பர் 25-ஆம் தேதியைத்தான். மயக்கி, சிறுநீரகத்தை அறுத்தெடுத்துவிட்டு, பனிக்கட்டித் தொட்டியில் கிடத்திவிட்டுப் போகும் திருடர்களின் கதை மின்னஞ்சலில் பரவி, 1997 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸ் காவல்துறையே மறுப்பு வெளியிட நேர்ந்தது. அதாவது 1998-இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இவை பழங்கதைகள் அல்ல, சில வருடங்களுக்குள் வந்த ஃபேக்ஸும் மின்னஞ்சலும். இன்று அந்தச் சூடு நமக்கு இல்லாததால்தான் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது தொலைக்காட்சியும் ஒலியும். டொரொண்டோவில் படமாக்கப்பட்ட இந்தப் படத்தில் பெரும்பகுதி இரவும் மழையும்தான். அகலத்திரை வடிவில் எடுக்கப்பட்டிருப்பதால், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வருகிறதே என்று திரையை நிரப்பும் அமைப்புக்கு மாற்றிவிடாதீர்கள். விளிம்புகள் வெட்டுப்பட்டால், ஓரத்தில் அசையும் உருவம் சில இடங்களில் காணாமலே போய்விடும். தொலைக்காட்சியில் ‘மோஷன் ஸ்மூத்திங்’ இருந்தால் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் படம் மெகாசீரியல் போல வழுவழுப்பாகத் தெரியும். அறை விளக்கை அணைத்தால் இருட்டான காட்சிகளுக்காக ஒளிர்வை ஏற்ற வேண்டிய அவசியம் வராது. ஒலிக்கு நல்ல ஹெட்போன் இருந்தால் அதுவே போதும். நான் முதல்முறை இதைக் கேபிள் தொலைக்காட்சியில் நள்ளிரவு நேரத்தில், வீட்டில் தூங்குபவர்களுக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று ஒலியைக் குறைத்துவைத்துப் பார்த்தேன். படத்தில் பாதியை அப்போதே இழந்துவிட்டேன் என்பது பல வருடங்கள் கழித்து ஹெட்போனில் கேட்டபோதுதான் தெரிந்தது. ‘ஹெல்ரெய்சர்’ படத்துக்கு இசையமைத்த கிறிஸ்டோபர் யங்தான் இதற்கும் இசை. அவருடைய இசையை மட்டுமல்லாமல், இசை இல்லாத இடங்களில் வரும் உரசல், முனகல், மழைச்சத்தம் ஆகியவற்றையும் கேட்க வேண்டும். சப்டைட்டில் போட்டுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் சத்தங்களையும் அடைப்புக்குறிக்குள் எழுதிக்காட்டும் வகையைத் தவிர்த்துவிடுங்கள். எந்தச் சத்தம் எதனுடையது என்பதைப் பார்வையாளரே தவறாக ஊகிக்க வேண்டும் என்பதுதான் இந்தப் படத்தின் ஏற்பாடு.

இனி தொடக்கக் காட்சி. மிஷெல் மான்சினி என்ற மாணவி கொட்டும் மழையில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போகிறாள். வானொலியில் போனி டைலரின் ‘டோட்டல் எக்லிப்ஸ் ஆஃப் த ஹார்ட்’ ஒலிக்க, அவளும் கூடவே உரக்கப் பாடுகிறாள். திரும்பு, திரும்பு என்று மறுபடி மறுபடி வரும் பாட்டு அது. முதல்முறை பார்க்கும்போது அது ஒரு பழைய பாட்டு, அவ்வளவுதான். இரண்டாம் முறை, பின்சீட்டில் ஆள் இருப்பது நமக்குத் தெரிந்திருக்கும் நிலையில், படத்தின் முதல் எச்சரிக்கையைப் பாட்டே கொடுக்கிறது என்பதும், அதை அவள் தன் வாயாலேயே பாடியும் காதில் வாங்கவில்லை என்பதும் புரியும். பெட்ரோல் பங்கில் பிராட் டூரிஃப் நடித்திருக்கும் பணியாளர் வருகிறார். கடன் அட்டையில் ஏதோ பிரச்சினை என்று சொல்லி அவளை உள்ளே அழைத்துப்போகிறார். அவருக்குத் திக்குவாய். உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர், அந்த உண்மையைச் சொல்லத்தான் அவருக்கு வார்த்தை எழவில்லை. அவளோ அவரிடமிருந்தே தப்பித்து ஓடுகிறாள். அவள் கார் கிளம்பிப் போன பிறகுதான், மழையில் நின்றுகொண்டு, “பின்சீட்டில் ஆள் இருக்கிறது” என்று அவரால் முழுதாகக் கத்த முடிகிறது. படத்தை மேலே ஓடவிடாமல் இந்தக் காட்சியை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை அவளைப் பாருங்கள், இரண்டாம் தடவை அவருடைய வாயை மட்டும் பாருங்கள். பின்னால் வரப்போகும் எல்லாக் காட்சிகளுக்கும் அச்சு இதுதான்.

இதற்குப் பிறகு வரும் வகுப்பறைக் காட்சியை வேகமாக ஓட்டிவிடாதீர்கள். ராபர்ட் இங்லண்ட் நடித்திருக்கும் பேராசிரியர் வெக்ஸ்லர் நாட்டாரியல் பாடம் நடத்துகிறார். பாப் ராக்ஸ் வதந்தியைச் சோதித்துப் பார்க்கும் கட்டத்தில், ஜோஷுவா ஜாக்சன் நடித்திருக்கும் டேமன் மிட்டாயையும் குளிர்பானத்தையும் உட்கொண்டு, துடிதுடித்துச் சாவது போல நடித்து வகுப்பையே பதறவைத்துச் சிரிக்கிறான். பார்க்கும்போது இது வெறும் இடைச்செருகல் போலத் தோன்றும். ஆனால் புலி வருது என்று கூவிய பையனின் கதைதான் இங்கே விதைக்கப்படுகிறது. டேமன் உண்மையாகவே செத்த பிறகு ஒருவரும் அதை நம்பாமல் போவதற்கு இந்தச் சிரிப்புதான் காரணம்.

அந்தச் சாவு நடக்கும் காட்டுப்பாதைக் காட்சிதான் இந்தப் படத்தில் கைத்திறன் மிகுந்த இடம் என்பது என் கருத்து. நாயகி நட்டாலி காருக்குள் தனியாக இருக்கிறாள். வெளியே போன டேமன் திரும்பவில்லை. மேலே கூரையில் ஏதோ உரசுகிறது. பழைய கதையில் அந்தப் பெண் விடியும்வரை ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பாள்; விடிந்ததும் காவலர் வந்து, திரும்பிப் பார்க்காதே என்று சொல்லி அவளை அழைத்துப்போவார். ஹோர்ட்டா இதை ஒரே ஒரு கயிற்றால் புரட்டிப்போடுகிறார். டேமனின் கழுத்தில் மாட்டிய கயிறு மரக்கிளை வழியாக வந்து காரிலேயே கட்டப்பட்டிருக்கிறது. கூரையை உரசுவது அவனுடைய காலணி. எதிரே கோடரி ஆசாமி வருவதைப் பார்த்துப் பயந்து நட்டாலி காரைக் கிளப்பியதும், அவளுடைய தப்பித்தலே அவனை மேலே இழுத்துத் தூக்கிலிடுகிறது. கதையில் சும்மா உட்கார்ந்திருந்தவள் இங்கே தன்னை அறியாமலே கொலைக்குக் கருவியாகிவிடுகிறாள். இவ்விடத்தில் நிறுத்தி, அந்த உரசல் ஒலியை மட்டும் மறுபடி கேளுங்கள். அது ஒரு உயிர் கால் ஊன்ற இடம் தேடும் சத்தம்.

நட்டாலி ஓடிப்போய்க் காவலாளி ரீஸை அழைத்து வரும்போது காரும் இல்லை, உடலும் இல்லை. டேமன் குறும்புக்காரன் ஆயிற்றே என்று எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். டீனுக்கோ பல்கலைக்கழகத்தின் பெயர் கெடக்கூடாது என்ற கவலை. இங்கிருந்து நட்டாலியின் காதுகளைத்தான் நீங்கள் பின்தொடர வேண்டும். அவளுடைய அறைத்தோழி டாஷ், ஆண்களை அறைக்கு அழைத்து வருபவள். அப்போது விளக்கைப் போட்டால் சண்டைக்கு வருபவள். ஒரு இரவு நட்டாலி அறைக்குள் நுழையும்போது இருட்டில் முனகலும் மூச்சிரைப்பும் கேட்கின்றன. வழக்கமானதுதான் என்று நினைத்து, விளக்கைப் போடாமல், அந்தச் சத்தத்தைக் காதில் போட்டுக்கொள்ளாமல் படுத்துவிடுகிறாள். விடிந்தால் டாஷ் பிணமாகக் கிடக்கிறாள். விளக்கைப் போடாததற்குச் சந்தோஷப்படுகிறாயா என்ற கேள்வி சுவரில் ரத்தத்தால் எழுதப்பட்டிருக்கிறது. விடுதிகளில் பல வடிவங்களில் உலவும் பழைய கதை இது. ஆனால் அந்த மரியாதையான அலட்சியத்தை, அடுத்தவர் விஷயத்தில் தலையிட வேண்டாம் என்ற நாகரிகத்தை, இவ்வளவு வலிக்கும்படி வேறு எந்த ஸ்லாஷர் படமும் காட்டி நான் பார்த்ததில்லை. டாஷின் மரணத்தைத் தற்கொலை என்று அதிகாரிகள் எழுதிவிடுவதும், அதற்கு அவளுடைய மனநலப் பிரச்சினை காரணமாகச் சொல்லப்படுவதும் அதே கேளாமையின் தொடர்ச்சிதான். தற்கொலை பற்றிய காட்சிகள் மனத்தை அலைக்கழிக்கும் என்றால் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லுங்கள்.

மாணவர் விருந்துக் காட்சியில் இந்த இழை உச்சத்துக்குப் போகிறது. டாரா ரீட் நடித்திருக்கும் சாஷா வளாக வானொலியில் நிகழ்ச்சி நடத்துபவள். அவள் தாக்கப்படும்போது அவளுடைய அலறல் ஒலிபரப்பாகி விருந்து நடக்கும் வீட்டுக்கு வருகிறது. கூட்டம் அதை நிகழ்ச்சியின் ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு ஆரவாரம் செய்கிறது. ‘லவ் ரோலர்கோஸ்டர்’ வதந்தியை முன்பே தெரிந்துகொண்டவருக்கு இந்த இடம் சட்டெனப் பிடிபடும். அந்தக் கூட்டத்தில் உதவிக்கு ஓடுபவள் நட்டாலி. டாஷின் அறையில் காதைப் பொத்திக்கொண்டவள் இப்போது கேட்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். அவள் போய்ச் சேரும்போது காலம் கடந்துவிட்டது என்பது வேறு விஷயம்.

இதற்கு ஒரு கொடூரமான மறுபக்கம் உண்டு, முதல்முறை நான் அதைத் தவறவிட்டேன். கிளைமாக்ஸில், கைவிடப்பட்ட ஸ்டேன்லி ஹால் கட்டடத்திலிருந்து தோழி பிரெண்டாவின் அலறல் கேட்டு நட்டாலி உள்ளே ஓடுகிறாள். பிரெண்டாதான் கொலையாளி. அந்த அலறல் தூண்டில். இத்தனை நேரம் எழுந்த உண்மையான அலறல்களை உலகம் பொய் என்று ஒதுக்கியது. நட்டாலி தயங்காமல் நம்பி ஓடிவரும் இந்த அலறல்தான் பொய். படத்தின் பல நுணுக்கங்கள் தற்செயலாக அமைந்தவையாக இருக்கலாம், ஆனால் இந்த அமைப்பைத் தற்செயல் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

எனவே மறுமுறை பார்க்கும்போது ரெபெக்கா கேஹார்ட்டின் பிரெண்டாவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். நட்டாலியும் மிஷெலும் பள்ளிக் காலத்தில் விளக்கை அணைத்துக்கொண்டு கார் ஓட்டி, விளக்கைச் சிமிட்டிய ஒருவரை விளையாட்டாகத் துரத்தியதில் அவர் இறந்துபோனார். அவர் பிரெண்டாவின் வருங்காலக் கணவர். இந்தக் குற்றத்தை நட்டாலி பிரெண்டாவிடமே மனம்விட்டுச் சொல்கிறாள் என்பதை நினைவில் வையுங்கள். முதல்முறை நாம் பார்ப்பது பேசுபவளின் முகத்தை. இம்முறை கேட்பவளின் முகத்தைப் பாருங்கள். படம் முழுவதிலும் பொறுமையாகவும் முழுமையாகவும் ஒருவர் சொல்வதைக் கேட்கும் ஆள் கொலைகாரிதான்.

வில்லன் வேடத்துக்குப் பேர்போனவர்களைச் சந்தேகத்துக்காக நிறுத்தியிருப்பதையும் கவனியுங்கள். இங்லண்ட் 1984 முதல் ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ படங்களில் ஃப்ரெடி க்ரூகர் என்ற கொலைகாரனாக அமெரிக்கரைப் பயமுறுத்தியவர். டூரிஃப் 1988-இல் வந்த ‘சைல்ட்ஸ் ப்ளே’யில் சக்கி பொம்மைக்குக் குரல் கொடுத்தவர். மாறாக, டாஷாக வரும் டேனியல் ஹாரிஸ் ‘ஹாலோவீன்’ நான்காம், ஐந்தாம் பாகங்களில் குழந்தை நட்சத்திரமாகத் தப்பிப்பிழைத்தவர். முகத்தைப் பார்த்து முடிவுகட்டும் நம் பழக்கத்தைப் படம் பயன்படுத்திக்கொள்கிறது. லோரெட்டா டிவைன் நடித்திருக்கும் ரீஸ், நடிகை பாம் க்ரியரின் 1973-ஆம் ஆண்டுப் படமான ‘காஃபி’யை ரசித்துப் பார்க்கும் காட்சி அதற்காகவே ஒருமுறை பார்க்கத் தகுந்தது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. ஒல்லியான பெண் ஒருத்தி தடியான ஆண்களின் உடல்களைத் தனியாகத் தூக்கிச் சுமப்பது நம்பும்படி இல்லை. டீன் கொல்லப்படும் வாகன நிறுத்தக் காட்சி நீளத்துக்காக வைத்தது போல இருக்கிறது. நாய் ஒன்றுக்கு நேரும் கதி தேவையற்ற குரூரம். அதை வளர்க்கும் மாணவன் பார்க்கரின் கைபேசி மணி அடிக்கும்போது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டால் ஒன்றும் குறையாது. பிரெண்டா படக்காட்சி போட்டுத் தன் நோக்கத்தை விளக்கும் பகுதி பேச்சு மிகுந்தது என்பார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. இத்தனை நாள் கேட்டுக்கொண்டே இருந்தவள் முதல்முறையாகப் பேசுகிறாள். அதுவும், கேட்பவள் எழுந்து போக முடியாதபடி கட்டிப்போட்டுவிட்டுப் பேசுகிறாள்.

ஒரே மூச்சில் பார்ப்பதென்றால் சுமார் நூறு நிமிடம் ஆகும். கூட யாரையாவது உட்காரவைத்துக்கொள்வதென்றால் படத்தை முன்பே பார்த்த ஒருவரையும் பார்க்காத ஒருவரையும் அழையுங்கள், ஆனால் நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். வட்டு வாங்க விரும்புபவர்களுக்கு, ஸ்க்ரீம் ஃபேக்டரி என்ற நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ப்ளூரே பதிப்பில் படம் உருவான விதம் பற்றிய நீண்ட ஆவணப்படமும் இருக்கிறது. 2000-இல் ஜான் ஓட்மேன் இயக்கத்தில் வந்த இரண்டாம் பாகத்தில் ரீஸ் மறுபடி வருகிறாள் என்பதற்காக ஒருமுறை பார்க்கலாம். அதே ஈர்ப்பை எதிர்பார்க்க வேண்டாம்.

முடிவுக்கு வந்ததும் உடனே அணைத்துவிடாதீர்கள். கோடரியோடு பிரெண்டா மறுபடி எழுவது எங்கே என்று பாருங்கள்: நட்டாலியும், வளாகப் பத்திரிகையில் எழுதும் மாணவன் பாலும் (Paul) தப்பிச் செல்லும் காரின் பின்சீட்டில். படம் தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கிறது. ஆற்றில் விழுந்தவள் கடைசியில் வேறொரு கல்லூரியில் மாணவர்களோடு உட்கார்ந்திருக்கிறாள். அவர்கள் இந்தக் கொலைகளையே ஒரு கட்டுக்கதையாகப் பேசிக்கொண்டிருக்க, கதை எப்படி நடந்தது என்று தானே சொல்லத் தொடங்குகிறாள். அவளைச் சுற்றியிருக்கும் முகங்களில் பயம் இல்லை, கதை கேட்கும் ஆவல்தான் இருக்கிறது. அந்த முகங்கள் மறைந்ததும் படத்தை முதலிலிருந்து போட்டு, பெட்ரோல் பங்க் பணியாளர் மழையில் நின்று கத்தும் இடம் வரை மட்டும் மறுபடி பாருங்கள்.